‘வேறு மருந்து உண்டா?’ என்று கேட்டால் போதாது: சுகாதார அமைச்சுக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் தோ பாயோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், மருத்துவம் படித்தவனல்லன். சென்ற ஆண்டு என் அக்காவுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்த பிறகு, அதிக அளவில் உட்கொள்ளப்படும் வைட்டமின், தாதுச்சத்து மாத்திரைகளைப் பற்றிப் பல மாதங்கள் தேடித் தேடிப் படித்தேன். படித்தவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். தெரியாமல் இருக்கக்கூடியது ஒன்று உண்டு: நம் மருந்தகங்களில் தமிழ் மூத்தோரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது. அதைச் சொல்லவே இம்மடல்.

அக்காவுக்கு வயது 74. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு, அதற்கும் முன்பிருந்தே இரத்த அழுத்தம். இரண்டுக்கும் பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். உறவினர் திருமணத்துக்காகத் திருச்சி சென்றிருந்தபோது முழங்கால் வலி கூடி, அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்தார். இரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்ன அவர், வாரம் ஒன்று வீதம் எட்டு வாரங்களுக்கு 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வைட்டமின் டி குறைபாட்டுக்கு இந்தியாவில் பரவலாகக் கையாளப்படும் முறை இது. அந்த மருத்துவர்மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இது கிடைக்குமோ கிடைக்காதோ என்று எண்ணிய அக்கா, புறப்படும் முன் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி, அட்டைக்கு நான்கு வீதம் இருபத்தைந்து அட்டைகள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இங்கே வந்த பிறகு நடந்தது மிக எளிய பிழை. அவருடைய மாத்திரைகள் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். வாரக் கடைசியில் இரவுச் செய்தியைக் கேட்டபடியே அறை அறையாக நிரப்புவார். ஓர் அறையில் மட்டும் ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு மற்ற ஆறு அறைகளைத் தாண்டிச் செல்வது அந்தக் கைக்குப் பழக்கமில்லை. ஏழிலும் போட்டார். 70 வயதைக் கடந்தவருக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. பெரியவர்கள் தாமாகத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் வகுத்திருக்கும் உச்ச வரம்பு 4,000 யூனிட். அக்கா ஏறத்தாழ மூன்று மாதங்கள், தேவையைப் போல் 75 மடங்கு, வரம்பைப் போல் 15 மடங்கு, நாள் தவறாமல் உட்கொண்டிருக்கிறார்.

முதலில் மலச்சிக்கல். பிறகு தீராத தாகம்; இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழித்தார். சர்க்கரை கூடிவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்து இருபது ஆண்டுகளாகிவிட்ட எங்கள் அண்ணனின் பெயரைச் சொல்லி அவர் அழைத்தபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தத்தில் கால்சியம் மிக உயர்ந்து, சிறுநீரகம் தளர்ந்திருந்தது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளத் துணை செய்வது வைட்டமின் டியின் வேலை. அளவு மீறும்போது எலும்பில் இருப்பதும் கரைந்து இரத்தத்துக்கு வருகிறது. போதாததற்கு அக்கா கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். இரத்த அழுத்தத்துக்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட நீர் மாத்திரையோ, சிறுநீர் வழியாகக் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. ஆக, மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கடி.

இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. காரணம் தெரியாமலே நான்கு நாள்கள் கழிந்தன. அதற்கு முன் ஒரு தனியார் மருந்தகத்திலும், பிறகு பலதுறை மருந்தகத்திலும், கடைசியில் மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், இருமுறை ஆங்கிலத்தில் கேட்டதை நானே தமிழில் சொன்னேன்: “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” மூன்று முறையும் அக்கா தயங்காமல் சொன்னார்: “இல்ல டாக்டர், நீங்க குடுக்கிறதுதான்.” அவர் பொய் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த தமிழ்த் தாதி ஒருவர், பேச்சோடு பேச்சாக, “அம்மா, வீட்ல உடம்புக்குச் சத்துக்குன்னு ஏதாச்சும் எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “அது இல்லாமலா?” என்று தலைமாட்டிலிருந்த கைப்பையைத் திறந்தார். கால்சியம் மாத்திரை, நரம்பு மாத்திரை என்று அவர் சொல்லும் பி வைட்டமின் மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய்க் குளிகை, முடி கொட்டுகிறது என்று பேத்தி வாங்கித் தந்த பயோட்டின், மிச்சமிருந்த 60,000 யூனிட் அட்டைகள். தாதி ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்ததை நான் மறக்கமாட்டேன். நான் ஏன் அதைக் கேட்கவில்லை என்பதையும் மறக்கமாட்டேன்.

நம் பேச்சில் மருந்து வேறு, சத்து வேறு. மருந்து நோயாளிக்கு, அதற்கு வேளை உண்டு, அளவு உண்டு, பத்தியம் உண்டு. சத்து எல்லாருக்கும், பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவதைப் போல, கூடினால் நல்லதுதான் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று என் அக்காவுக்குத் தெரியாதா? எத்தனையோ முறை எங்களுக்கே சொன்னவர். அந்த அளவு எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

சத்து மாத்திரைகள் எல்லாம் ஏமாற்று என்று வாதிட நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடும் இல்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அதன் அருமை தெரியவந்த இடங்களில் ஒன்று நம் அண்டையில்தான் இருக்கிறது. அன்றைய மலாயாவில் ‘பெரிபெரி’ நோயால், தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் மடிந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அதிகம் அண்டவில்லை. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்து 1907இல் வெளியிட்டார்: வெள்ளை அரிசி கொடுக்கப்பட்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் வந்து 18 பேர் இறந்தனர், புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவர் மட்டுமே. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் விளங்கியது. (இன்று அந்தச் சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது என்பது வேறு விஷயம்.) உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்ற அந்தச் சத்தின் நாளாந்தத் தேவை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். கணித ஆசிரியனாக எனக்கு வியப்பளித்தது அந்தச் சிறிய எண்தான்.

இன்றும் குறைபாடு உண்மையாக உள்ளவருக்கு மாத்திரை வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவருக்கு பி12 குறையக்கூடும். அவர் சைவ உணவுக்காரராகவும் இருந்துவிட்டால் குறைவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும். என் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. பி12 கொடுத்த பிறகுதான் அவருடைய சோர்வு நீங்கியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே பெண்கள் உட்கொள்ளும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிறது. கண்ணின் விழித்திரை மையம் நலிந்துவரும் நிலையில் இருப்பவர்களுக்கு, அமெரிக்க ஆய்வு ஒன்று 2001இல் கண்டறிந்த வைட்டமின், துத்தநாகக் கலவை, நோய் முற்றுவதை ஓரளவு தள்ளிப்போடுகிறது. அதிலுள்ள அளவுகள் சாதாரணத் தேவையைவிடப் பல மடங்கு. ஆகவே அதிக அளவு என்றாலே தீங்கு என்றும் ஆகிவிடாது. யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்பவற்றுக்கு விடை இருக்கவேண்டும்.

விடை இல்லாமல், கூடினால் நல்லது என்ற நம்பிக்கையில் மட்டும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் எப்படி முடிந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது: காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வு 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ 400 யூனிட் உட்கொண்ட ஆடவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த ஆய்வையே தொடங்கியிருந்தார்கள். என் அக்காவின் கதைக்கு மிக நெருக்கமானது ஆஸ்திரேலியாவில் நடந்தது. 70 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 2,256 பேர் அதில் பங்கேற்றார்கள். எலும்பு முறிவைக் குறைக்கலாம் என்று, அவர்களுள் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 500,000 யூனிட் வைட்டமின் டி கொடுக்கப்பட்டது. 2010இல் வெளியான முடிவின்படி, அவர்கள் மற்ற பாதியினரைவிட 15 விழுக்காடு அதிகம் கீழே விழுந்தார்கள். 26 விழுக்காடு அதிகம் எலும்பு முறிந்தார்கள்.

அக்காவின் பையிலிருந்த மற்றவற்றில் என்னை மிகவும் கலங்கவைத்தது அந்த நரம்பு மாத்திரை. நம் சமூகத்தில் நீரிழிவுள்ள மூத்தோர் பலரது வீட்டில் அது இருக்கிறது. கால் மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது என்றால் முதலில் கைநீட்டுவது அதற்குத்தான். பி6 நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் போதும். ஒரே மாத்திரையில் 100, 200 மில்லிகிராம் வரை இருக்கும் வகைகளும் விற்கின்றன. பி6 நீண்ட காலம் அளவு மீறினால் உணர்வு நரம்புகள் கெடும் என்பது 1983 முதலே மருத்துவ இதழ்களில் இருக்கிறது. கெட்டால் என்ன ஆகும்? கால் மரத்துப்போகும், பாதம் எரியும். அதாவது, எந்தத் தொல்லைக்காக மாத்திரையை எடுத்தாரோ அதே தொல்லையை மாத்திரையும் தரும். அவரோ நோய் முற்றுகிறது என்று எண்ணி இன்னொன்று கூடப் போடுவார். இதற்கான உச்ச வரம்பில் நிபுணர்களும் ஒத்துப்போகவில்லை: அமெரிக்காவில் 100 மில்லிகிராம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. எட்டு மடங்கு வேறுபாடு. ஆஸ்திரேலியாவில் பி6 பத்து மில்லிகிராமுக்கு மேலுள்ள பொருள்களில், கைகால் கூச்சமோ மரமரப்போ கண்டால் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கையை அச்சிடவேண்டும். அதைத் தமிழில் படிக்கக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயோட்டினைப் பற்றிச் சுருக்கமாக. தேவை 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்பவற்றில் 5,000, 10,000 என்று இருக்கும். அது உடலைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சில இரத்தப் பரிசோதனைகளைக் கெடுக்கும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவு குறைவாகக் காட்டப்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. இளையோரும் இதை அதிகம் வாங்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு என்பதை அக்காவும் அறியார், அதுவரை நானும் அறியேன்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இந்நாட்டில் சத்து மாத்திரைகளை விற்கும் முன் ஆணையத்தின் ஒப்புதல் பெறத் தேவையில்லை. அவை பாதுகாப்பானவை என்பதற்கு, கொண்டுவருபவரும் விற்பவருமே பொறுப்பு. வைட்டமின்களுக்கும் தாதுச்சத்துகளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று ஆணையம் உச்ச அளவுகளை வகுத்திருக்கிறது. விற்பனைக்கு வந்த பின் கண்காணிக்கவும் செய்கிறது. இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் உரிமம் கேட்டால் என் மனைவியின் பி12 கூட எட்டாத விலைக்குப் போய்விடும். ஆனால் அந்த உச்ச அளவுகள் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை. ஒரே ஆள் நான்கு டப்பாக்களிலிருந்து எடுக்கும்போது, ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டும். அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டியவர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி. டப்பாவின் எழுத்து ஆங்கிலத்தில், எறும்பளவில். ஒரு டப்பாவில் வைட்டமின் டி 1,000 ஐ.யூ. (நான் மேலே யூனிட் என்று எழுதியது இதைத்தான்) என்றிருக்கும், இன்னொன்றில் 25 மைக்ரோகிராம் என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. முப்பத்திரண்டு ஆண்டுகள் அலகு மாற்றம் கற்பித்த எனக்கே அதைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் வைட்டமின் ஏ, ஈ இவற்றுக்கு அந்தக் கணக்கு வேறு. ஊரிலிருந்து பெட்டியில் வருவதற்கோ உங்கள் வரம்பே பொருந்தாது.

பெரிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. ஆணையம் வகுத்த உச்ச அளவுகளைத் தமிழில், பெரிய எழுத்தில், டப்பாவில் அச்சாகும் இரண்டு அலகுகளிலும் எழுதிய ஒரே ஒரு தாள் வேண்டும். ‘இது வாரத்துக்கு ஒன்று’ என்று தமிழிலும் மற்ற அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிட்ட ஒட்டுத்தாள்களை மருந்தாளர்கள் கையில் கொடுக்கலாம். வெளிநாட்டில் வாங்கிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர்கள் அதை ஒட்டித் தரவேண்டும். புளோக்கின் கீழேயுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையங்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை, வீட்டிலிருக்கும் எல்லா டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவரோடு உட்காரவைத்தால், என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் கூட்டல் கழித்தலுக்கு உதவத் தயார். வந்த பையைப் பார்த்து யாரையும் திட்டாதவராக அந்த மருந்தாளர் இருக்கவேண்டும். ஒரு முறை திட்டு வாங்கினால் மறுமுறை பாதி டப்பா வீட்டிலேயே தங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கேள்வி. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்படி, சேர்ந்தவருக்கு எனக் குடும்ப மருத்துவர் ஒருவர் இருக்கிறார்; அவரோடு உட்கார்ந்து உடல்நலத் திட்டம் போடும் வாய்ப்பும் இருக்கிறது. அந்த உரையாடலிலும், பலதுறை மருந்தகப் பதிவிலும், அவசரப் பிரிவிலும் தமிழில் கேட்கும்போது ‘மருந்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தவேண்டாம். மொழிபெயர்ப்பாளர்கள், தாதியர், துணைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்பதற்கு எழுதப்பட்ட வாசகம் ஒன்று வேண்டும். அக்கா இப்போது நலமாக இருக்கிறார். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால் கால்சியம் முழுமையாக இறங்கச் சில மாதங்கள் ஆயின. கீழேயுள்ள வரைவை அவரிடமும் அவருடைய தோழியர் மூவரிடமும் கேட்டுப் பார்த்தே எழுதினேன். மூவரில் இருவர், முதல் வரிக்கு “இல்லை” என்றும் இரண்டாம் வரிக்கு “ஆமாம்” என்றும் சொன்னார்கள்.

“மருத்துவர் கொடுத்த மருந்து தவிர வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?

உடம்புக்குச் சத்துக்கு, எலும்புக்கு, நரம்புக்கு, முடிக்கு, கண்ணுக்கு என்று மாத்திரை, பவுடர், எண்ணெய், லேகியம் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?

ஊரிலிருந்து கொண்டுவந்தது, பிள்ளைகள் வாங்கித் தந்தது, பக்கத்து வீட்டார் கொடுத்தது ஏதாவது உண்டா?

அது தினமும் சாப்பிடுவதா, வாரத்துக்கு ஒன்றா? இப்போது கையில் இருந்தால் காட்டுங்கள்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தோ பாயோ, சிங்கப்பூர்